கடை பிரிட்ஜுக்கு எத்தனை வி.ஏ. இன்வெர்ட்டர் வேண்டும்?



மளிகைக் கடை என்றால் ஒரு காலத்தில் அரிசி, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் இவ்வளவுதான். கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வியாபாரத்தைத் தொடர்வோம். சரக்குக்கு ஒன்றும் ஆகாது. இன்று சின்னக் கடையில்கூடப் பால் பாக்கெட், தயிர், வெண்ணெய், பனீர், இட்லி மாவு, ஐஸ்கிரீம் எல்லாம் வைக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் கிடைக்கும் லாபம் பாக்கெட்டுக்குச் சில ரூபாய். ஒரு நாள் கெட்டுப்போனால் பல நாள் லாபம் அதோடு போய்விடும்.

அதனால்தான் பலரும் பிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் வாங்குகிறார்கள். வாங்கும்போது இரண்டு விதமாகக் காசு வீணாகிறது. வீட்டுக்கு வாங்குவதுபோல் சின்னதாக வாங்கினால், கம்ப்ரஸர் கிளம்பும்போதெல்லாம் இன்வெர்ட்டர் 'ஓவர்லோடு' என்று கத்திவிட்டு நின்றுவிடும். பெரிதாக வாங்கியவருக்கோ, பணம் எல்லாம் இன்வெர்ட்டரில் போய், பேட்டரி இரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இன்வெர்ட்டரின் அளவு வேறு கணக்கு, பேட்டரியின் அளவு வேறு கணக்கு. பிரிட்ஜ் கிளம்பும் நொடியைப் பார்த்து இன்வெர்ட்டரை வாங்க வேண்டும். பிரிட்ஜ் ஓடும் மொத்த நேரத்தைப் பார்த்துப் பேட்டரியை வாங்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் விற்பவர் சொல்வதை நாமே சரிபார்த்துக் கொள்ளலாம்.

நம் பக்கத்து மின்தடை

முதலில் எத்தனை மணி நேரத்துக்குத் தயாராக வேண்டும் என்று பார்ப்போம். 2012-ஆம் ஆண்டை எந்த வியாபாரியும் மறந்திருக்க மாட்டார். சென்னை தவிர மற்ற மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. அந்த நிலை இப்போது இல்லை. இப்போது வருவது மூன்று வகை.

ஒன்று, மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் நிறுத்தினால் மாலையில் வரும். முன்கூட்டியே பத்திரிகையில் அறிவிப்பும் வரும். இரண்டாவது, மழைக்காலத் தடையும் திருவிழாத் தடையும். தேர் வரும் வீதியில் மின்சாரத்தை நிறுத்துவது அவசியம். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை நாம் பார்த்தோம். ஆகவே அந்தத் தடைக்கு முகம் சுளிக்காமல் நாம்தான் தயாராக இருக்க வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் ஆறு முதல் எட்டு மணி நேரம் தாங்கினால் போதும்.

மூன்றாவது, புயல். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. அதற்கு இன்வெர்ட்டர் மருந்தல்ல. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூட்டைக் கணக்கு

மண்டியில் மூட்டை தூக்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். தரையில் கிடக்கும் மூட்டையைத் தலைக்கு ஏற்ற இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். ஏற்றிவிட்டால் ஒருவரே சுமந்து போய்விடுவார். பிரிட்ஜ் கம்ப்ரஸரும் அப்படித்தான். நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்டை இழுக்கும். அது ஒரு நொடிகூட இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் இன்வெர்ட்டர் கை கொடுக்காவிட்டால் கம்ப்ரஸர் கிளம்பாது, உறுமிவிட்டு நிற்கும்.

ஆகவே ஒரு பிரிட்ஜுக்கு மூன்று எண்கள் உண்டு. கிளம்பும் வாட், ஓடும் வாட், சராசரி வாட். கம்ப்ரஸர் எந்நேரமும் ஓடுவதில்லை. குளிர் வந்ததும் நின்று, குறைந்ததும் மறுபடி ஓடுகிறது. அதனால் சராசரி, ஓடும் வாட்டைவிடக் குறைவாக இருக்கும்.

ஓடும் வாட், பெட்டியின் பின்பக்கத் தகட்டில் இருக்கும். வாட் இல்லாமல் ஆம்பியர் மட்டும் இருந்தால் அதை 230-ஆல் பெருக்குங்கள். வருவது வி.ஏ. கணக்கு. உண்மையான வாட் அதைவிடக் குறைவுதான், ஆனாலும் கூடுதலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. கிளம்பும் வாட்டுக்கு ஓடும் வாட்டை ஆறால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சராசரியைக் கண்டுபிடிக்க மின்வாரிய மீட்டரே போதும். கடை விடுமுறை நாளில் பிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 0.8 யூனிட் ஓடியிருந்தால் 800 வாட் மணி. 24-ஆல் வகுத்தால் சராசரி 33 வாட். வியாபார நாளில் கதவை ஓயாமல் திறப்போம் என்பதால் அதில் பாதியைக் கூட்டி 50 வாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

வி.ஏ. வேறு, வாட் வேறு

இன்வெர்ட்டர் பெட்டியில் 900, 1100 என்று கொட்டை எழுத்தில் இருப்பது வி.ஏ. நமக்குப் பயன்படுவது வாட். 900 வி.ஏ. என்றால் 900 வாட் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. வாட் எவ்வளவு என்று பெட்டியின் ஓரத்திலோ கையேட்டிலோ இருக்கும். இல்லாவிட்டால் வி.ஏ.யில் முக்கால் பங்கை மட்டும் நம்புங்கள். 900-க்கு 675 வாட். 1100-க்கு 825 வாட்.

முதல் உதாரணம்: சின்ன மளிகைக் கடை

190 லிட்டர் ஒற்றைக் கதவு பிரிட்ஜ் ஒன்று. ஓடும்போது 120 வாட் என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும்போது 720 வாட். அந்த நேரத்தில் ஃபேன் 75 வாட், இரண்டு எல்.இ.டி. பல்புகள் 20 வாட், பில் மிஷினும் எலெக்ட்ரானிக் தராசும் சேர்ந்து 15 வாட் ஓடிக்கொண்டிருக்கும். மொத்தம் 830 வாட். ஆகவே 1100 வி.ஏ. இன்வெர்ட்டர் சரியாக இருக்கும். கணநேரச் சுமையை ஓரளவு தாங்கும்படிதான் இன்வெர்ட்டரைச் செய்கிறார்கள் என்பதால் 900 வி.ஏ.யும் முதலில் ஓடத்தான் செய்யும். பேட்டரி பழசானதும் தகராறு ஆரம்பிக்கும்.

இனிப் பேட்டரி. பிரிட்ஜின் சராசரி 50 வாட்டும் மற்றவை 110 வாட்டும் சேர்ந்து மணிக்கு 160 வாட். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி என்றால் 12-ஐ 150-ஆல் பெருக்க 1800 வாட் மணி. இது ஏட்டுக் கணக்கு. இன்வெர்ட்டரில் சுமார் 15 சதவீதம் நஷ்டம் போக 1530. பேட்டரியை அடியோடு காலி செய்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால் நூற்றுக்கு எழுபது மட்டும் எடுத்தால் 1071 வாட் மணி. 160-ஆல் வகுத்தால் ஆறரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. பராமரிப்பு நாளைத் தாண்டிவிடலாம்.

150 ஏ.எச். என்பது பொதுவாக 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கும்போது கிடைக்கும் அளவு. வேகமாக இறக்கினால் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். வாங்கும்போது 'சி-20' என்று எழுதியிருக்கிறதா, 'சி-10' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே 150 என்றாலும் சி-10 பேட்டரியில் சரக்கு அதிகம்.

இரண்டாம் உதாரணம்: கூலர், டீப் பிரீசர், பிரிட்ஜ்

கொஞ்சம் பெரிய கடை. குளிர்பானம் வைக்கும் கண்ணாடிக் கூலர் 300 வாட். ஐஸ்கிரீம் டீப் பிரீசர் 200 வாட். பாலுக்குச் சின்ன பிரிட்ஜ் 120 வாட். மூன்றையும் இன்வெர்ட்டரில் சேர்த்தால் என்ன ஆகும்? மூன்றும் ஒரே நொடியில் கிளம்பாது என்று வைத்துக்கொண்டு, பெரியதன் கிளம்பும் வாட்டோடு மற்றவற்றின் ஓடும் வாட்டைக் கூட்ட வேண்டும். கூலருக்கு 1800, பிரீசருக்கு 200, பிரிட்ஜுக்கு 120, ஃபேன் விளக்குக்கு 110. மொத்தம் 2230 வாட். முக்கால் பங்குக் கணக்குப்படி 3000 வி.ஏ. வேண்டும். அந்த அளவு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 36 அல்லது 48 வோல்ட்டில் வருகின்றன. 12 வோல்ட் பேட்டரி மூன்று அல்லது நான்கு வாங்கியே ஆக வேண்டும். முதலீடு பெரிது.

இங்கேதான் வியாபாரி யோசிக்க வேண்டும். குளிர்பானம் சூடானால் கெட்டுப்போகுமா? போகாது. கரண்ட் வந்ததும் மறுபடி குளிர்ந்துவிடும். மூன்றிலும் அதிகம் தின்பது கூலர். நஷ்டம் தராததும் கூலர்தான். அதை இன்வெர்ட்டரிலிருந்து விலக்கிவிடுங்கள். அதில் பால், தயிர் இருந்தால் பிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

இப்போது பிரீசர் கிளம்ப 1200, பிரிட்ஜ் ஓட 120, மற்றவை 110. மொத்தம் 1430 வாட். 2000 வி.ஏ. போதும். அது 24 வோல்ட், இரண்டு பேட்டரி. பிரீசரின் சராசரி 110, பிரிட்ஜின் சராசரி 50, மற்றவை 110 ஆக மணிக்கு 270 வாட். இரண்டு பேட்டரியில் கிடைக்கும் 2142 வாட் மணியை 270-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எட்டு மணி நேரம். கூலரின் பிளக்கை மாற்றியதால் ஒன்றிரண்டு பேட்டரியின் விலை மிச்சம்.

'இன்வெர்ட்டர் பிரிட்ஜ்' என்ற குழப்பம்

பிரிட்ஜின் கதவில் 'இன்வெர்ட்டர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து, கரண்ட் போனாலும் அது ஓடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. உள்ளே இருக்கும் கம்ப்ரஸர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை என்றுதான் அதற்கு அர்த்தம். பேட்டரி கிடையாது. ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு. இந்தக் கம்ப்ரஸர் மெதுவாகக் கிளம்பும். ஆறு மடங்கு இழுக்காது. ஆகவே புதிதாக பிரிட்ஜ் வாங்குபவர்கள் இந்த வகையை வாங்கினால் சின்ன இன்வெர்ட்டரே போதும். கரண்ட் பில்லும் குறையும்.

பனி படியாத வகை, அதாவது 'ஃபிராஸ்ட் ஃப்ரீ' பிரிட்ஜில் பனியைக் கரைக்க உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது அவ்வப்போது சில நிமிடம் ஓடி நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும். தகட்டில் கம்ப்ரஸரின் வாட்டோடு ஹீட்டரின் வாட்டும் இருக்கிறதா என்று பார்த்துப் பெரியதைக் கணக்கில் வையுங்கள்.

சைன் வேவும் லோ வோல்டேஜும்

விலை குறைவு என்று 'ஸ்கொயர் வேவ்' இன்வெர்ட்டர் வாங்காதீர்கள். பல்புக்கு அது பரவாயில்லை. கம்ப்ரஸர் மோட்டார் அதில் சூடாகும், இரையும். பிரிட்ஜுக்கு 'ப்யூர் சைன் வேவ்'தான் வேண்டும்.

வயல் பக்கத்து ஊர்களில் பம்ப்செட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது நமக்குப் பழக்கமானது. இன்வெர்ட்டரின் பின்புறம் 'யு.பி.எஸ். மோடு' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் போட்டால் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழ் போனதும் பேட்டரிக்கு மாறிவிடும். சாதாரண மோடில் 100 வோல்ட் பக்கம் இறங்கும்வரை அந்தக் குறைந்த கரண்டையே பிரிட்ஜுக்கு விடும். அது கம்ப்ரஸருக்கு ஆகாது. ஆகவே பிரிட்ஜ் சேர்த்திருந்தால் யு.பி.எஸ். மோடில் வையுங்கள். ஆனால் தினமும் மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊரில் பேட்டரி தினமும் இறங்கிக்கொண்டே இருக்கும், உண்மையான மின்தடை வரும்போது கையில் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் இன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் போடுவதுதான் வழி. பிரிட்ஜின் சுமையோடு பேட்டரி சார்ஜ் ஆகும் சுமையையும் அது தாங்க வேண்டும்.

இன்வெர்ட்டர் 'ஓவர்லோடு' காட்டி நின்றால் உடனே ரீசெட்டை அமுக்காதீர்கள். நின்ற கம்ப்ரஸருக்குள் அழுத்தம் அடங்கச் சில நிமிடம் ஆகும். அதற்குள் கிளப்பினால் மேலும் அதிகமாக இழுக்கும். ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

ஒயரும் பேட்டரியும்

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் பிரிட்ஜ் கிளம்பும்போது இன்வெர்ட்டர் நிற்கிறதா? பேட்டரியிலிருந்து வரும் ஒயரைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 800 வாட் எடுக்க 70 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஒயர் மெல்லியதாகவோ நீளமாகவோ இருந்தால், டெர்மினலில் வெள்ளைப் பூத்திருந்தால், அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து 'லோ பேட்டரி' என்று நின்றுவிடும். கம்பெனி கொடுத்த தடித்த ஒயரையே போடுங்கள். தூரம் வேண்டாம்.

பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். குழாய் நீர் ஊற்றக் கூடாது. சார்ஜ் ஆகும்போது தீப்பற்றக்கூடிய வாயு வெளிவரும். கற்பூரம், தீப்பெட்டி, பட்டாசு அடுக்கிய இடத்தில் பேட்டரியை வைக்கவே கூடாது. அரிசி மூட்டை, மாவுப் பொருட்கள் பக்கத்திலும் வேண்டாம். காற்றோட்டமான மூலையில், ஸ்டாண்டின் மேல் வையுங்கள். லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, சீக்கிரம் சார்ஜ் ஆகும், ஆழமாக இறக்கலாம். விலைதான் அதிகம்.

வேனில் சரக்கு அனுப்புவோர்

ஐஸ்கிரீம், பால் பொருட்களை வேனில் அனுப்பும் மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. வண்டி பேட்டரியில் ஒரு இன்வெர்ட்டரை மாட்டிச் சாதாரண பிரீசரை ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். வண்டி பேட்டரி, என்ஜினைக் கிளப்பச் சில நொடி பலமாகக் கொடுப்பதற்குச் செய்தது. மணிக்கணக்கில் இறக்கினால் வீணாகும், வண்டியும் கிளம்பாது. வெளிநாடுகளில் வண்டியையே வீடாக வைத்துச் சுற்றுபவர்கள்கூடப் பிரிட்ஜுக்குத் தனி பேட்டரி வைக்கிறார்கள், அல்லது 12 வோல்ட்டில் நேராக ஓடும் பிரிட்ஜ் வாங்குகிறார்கள். பேட்டரி கரண்டை 230-ஆக ஏற்றும் நஷ்டம் அதில் மிச்சம். ஐஸ்கிரீம் வண்டிகளில் இரவு முழுக்க உறைய வைத்துப் பகலெல்லாம் குளிர் தரும் 'யூடெக்டிக்' தகடுகள் உண்டு. நம் ஊர்த் தூரத்துக்கு அதுவே சிக்கனம்.

ஐஸே ஒரு பேட்டரி

மல்லிப்பட்டினத்து மீனவருக்கு இன்வெர்ட்டர் ஏது? ஐஸை வைத்தே மீனைக் காப்பாற்றுகிறார். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பத்து ஒரு லிட்டர் பாட்டிலில், விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டுத் தண்ணீர் ஊற்றி, பிரீசரில் காலி இடத்தில் போட்டு வையுங்கள். பராமரிப்பு அறிவிப்பு வந்த நாளில் கரண்ட் போனதும் பால் இருக்கும் பிரிட்ஜுக்கு மாற்றுங்கள். செலவே இல்லை. ஆனால் இது பாலுக்குத்தான். ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும், சாதா ஐஸ் அதைக் கொடுக்காது.

கதவைத் திறக்காமல் இருப்பதும் ஒரு சேமிப்புதான். மூடியே இருந்தால் பிரிட்ஜ் 4 மணி நேரமும், நிறைந்த பிரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்கிறது. நம் சித்திரை வெயிலில், வாடிக்கையாளருக்குத் திறந்து திறந்து மூடும் கடையில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். பாலுக்கு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

புயல் வந்தால்

பேட்டரி மறுபடி நிறைய பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் வேண்டும். கரண்டே வராத நாட்களில் அதனால் பயனில்லை. அப்போது ஜெனரேட்டர்தான். அதற்கும் இதே கிளம்பும் வாட் கணக்குத்தான். நாள் முழுக்க ஓட்ட வேண்டாம். காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி ஓட்டிக் குளிரை ஏற்றி மூடி வைக்கலாம். ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து, ஷட்டரை இறக்கிவிட்டு ஓட்டவே கூடாது. அதன் புகை மணமில்லாமலே ஆளைக் கொல்லும். புயல் எச்சரிக்கை வந்ததும் ஐஸ்கிரீம், பால் கொள்முதலைக் குறைப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

உருகின ஐஸ்கிரீமை மறுபடி உறைய வைத்து விற்காதீர்கள். பாதுகாப்பற்ற உணவை விற்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், அதைத் தின்னப் போவது நம் தெருக் குழந்தைகள்.

வாங்கும்போது

1. பிரிட்ஜ் தகட்டில் உள்ள வாட், ஆம்பியரை எழுதிக்கொண்டு போங்கள்.
2. இன்வெர்ட்டரின் வாட் எவ்வளவு, கணநேரச் சுமை எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். வி.ஏ. மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.
3. எத்தனை வோல்ட், எத்தனை பேட்டரி என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.
4. கடைக்கு வந்து பிரிட்ஜைச் சேர்த்து, கம்ப்ரஸர் கிளம்புவதைக் கண்ணால் பார்த்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.
5. இன்வெர்ட்டர் லைனில் கிரைண்டர், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் சேராதபடி எலெக்ட்ரீஷியனிடம் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்.
6. பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல்லுங்கள். வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள் உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.
7. பழைய பேட்டரியைக் கண்டவரிடம் போடாமல் டீலரிடமே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

சரக்குக் கொள்முதலில் பத்துப் பைசா வித்தியாசத்துக்கு நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் நாம். இன்வெர்ட்டர் வாங்குமுன் ஒரு விடுமுறை நாள் மீட்டரைப் பார்ப்பதும், ஒரு துண்டுத் தாளில் இந்தக் கணக்கைப் போடுவதும் நமக்குப் பெரிய வேலையல்ல.